தரங்கம்பாடிக்கு ஆறு பேர்

செப்டம்பர் 7, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி வழிந்து சமையல் மேடையெல்லாம் ஆகிவிட்டது. துடைத்துக்கொண்டிருந்தபோது வளர்மதி அக்கா போன் செய்தார். இவருடைய அண்ணன் மனைவி. தஞ்சாவூரிலிருந்து அவராகக் கூப்பிடுவது அபூர்வம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான்தான் கூப்பிடுவேன், அதுவும் நலம் விசாரிக்கிற அளவுக்குத்தான்.

"சுகந்தி, பிள்ளைங்களுக்குக் காலாண்டு லீவு எப்ப விடுறாங்க?"

இருபத்தேழாம் தேதியிலிருந்து என்றேன்.

"அந்த சனி ஞாயிறு ரெண்டு குடும்பமும் சேர்ந்து எங்கயாச்சும் போயிட்டு வருவோமா?"

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா வீட்டை விட்டுக் கிளம்பியே வெகுகாலமாகிறது. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சரித்திரமும் தெரிகிற மாதிரி ஊராகப் போகலாம், எங்கே போகலாம் என்று கேட்டேன்.

"தரங்கம்பாடி" என்றார். "கோட்டையப் பாக்கட்டும் பிள்ளைங்க" என்று மட்டும் சேர்த்துச் சொல்லி வைத்துவிட்டார்.

இவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொன்னேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணி வாயத் தெறந்து ஒண்ணு கேட்டிருக்காங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

ஏழாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் இன்னும் பாதியில் நிற்கிறது. நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

எழுதி வைத்துவிட்டால் மனத்தில் சுற்றாது என்று எழுதுகிறேன்.

கொரோனாவுக்கு முந்தைய காணும் பொங்கலுக்கு இதே இரண்டு குடும்பமும் தரங்கம்பாடிக்குத்தான் போனோம். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் எங்கள் அமுதினியும் அக்காவின் ஒரே மகளும் கடற்கரைக்கு இறங்கிப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் எட்டு வயது. அமுதினி மட்டும் திரும்பி வந்தாள். மற்றவளைக் கடல் மறுநாள் காலையில்தான் கொடுத்தது.

இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமலிருக்கக் காரணம் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ஊரடங்கு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. இவர் மட்டும் தஞ்சாவூர் போய் வருவார்.

அமுதினி கண்ணால் பார்த்த பிள்ளை. அதனால் அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். ஒரு மனநல மருத்துவரிடம் இரண்டு முறை அழைத்துப் போனோம். பேச விடுங்கள் என்றார் அவர். இரண்டாம் முறை போய்வந்த அன்றே அவளுக்குக் காய்ச்சல். அத்துடன் நிறுத்திவிட்டேன். வீட்டில் இருந்த படங்களையும் எடுத்துப் பரணில் வைத்தேன். இப்போது எட்டாம் வகுப்பு. நன்றாகத்தான் இருக்கிறாள். ஷவரைத் திறக்க மாட்டாள், காவிரிப் படித்துறைக்கு வர மாட்டாள். அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

செப்டம்பர் 10, புதன்

கங்கைகொண்ட சோழபுரம், திருமயம், செட்டிநாடு. மூன்று ஊரையும் அக்காவுக்கு அனுப்பினேன், படங்களோடு. பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை.

செப்டம்பர் 13, சனி

அக்கா மறுபடி கூப்பிட்டார். கடலிலிருந்து தள்ளி, ராஜ வீதிப் பக்கம் ஒரு பழைய பங்களாவை விடுதியாக மாற்றியிருக்கிறார்களாம். இரண்டு அறை போதும் என்றார். குரல் தெளிவாக இருந்தது. இத்தனை வருடமாக ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரிதான் பேசுவார்.

"செழியனுக்கு முன்பல்லு விழுந்துடுச்சாமே. கடலை உருண்டை வாங்காத, கடிக்க முடியாது" என்றார்.

விழுந்தது நேற்றுதான். இவரிடம் கேட்டேன், அண்ணனிடம் சொன்னீர்களா என்று. நினைவில்லை என்றார்.

பேச்சை முடிக்கும்போது அக்கா சொன்னது: "காலையில எந்திரிச்சதும் அப்படி இருமுறியே, வெந்நீர் குடி. அடுப்பு மூட்டின பிறகு குடிக்காத, மூட்டுறதுக்கு முந்தியே குடி."

நான் இருமுவது போனில் யாருக்கும் கேட்டிருக்க முடியாது. காலை ஐந்து மணிக்கு நான் யாரோடு பேசுகிறேன்?

செப்டம்பர் 14, ஞாயிறு

சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போகக் கிளம்பினேன். செழியன் படியில் உட்கார்ந்து கார் உருட்டிக்கொண்டிருந்தான். ஏழு வயதாகிறது, இன்னும் அந்தச் சிவப்புக் கார்தான்.

"மேல போகாதம்மா. அக்கா பேசிட்டு இருக்கு."

"யார்கூட?"

"ஆதிரை அக்காகூட."

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவள் போனபோது இவன் இரண்டு வயதுக் குழந்தை. இவனுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்?

மேலே போனேன். அமுதினி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொடியிலிருந்த துணிகளை உருவி மார்போடு சேர்த்துக்கொண்டு, "நானே எடுத்துட்டேன்மா" என்றாள். முகத்தில் பயமில்லை, அழுத தடமும் இல்லை. யாரோடோ நன்றாகப் பேசிவிட்டு வந்த முகம்.

தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு காக்கை இறகு கிடந்தது. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அமுதினி கட்டிலில் சுவர் ஓரமாக ஒண்டித்தான் படுக்கிறாள். பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கிறது. ரொம்ப நாளாகவே அப்படித்தான். இன்றுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 17, புதன்

பரீட்சைக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் நின்று கால் கடுக்கிறது. திருத்த வேண்டிய தாள் இரண்டு கட்டு.

அக்காவோடு சாமான் பட்டியல் பேசினோம். தலைவலி மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., பிள்ளைகளுக்குத் தொப்பி. நடுவில் சாதாரணமாகச் சொன்னார்: "அமுதிக்கு அந்த நாள் கிட்டத்தானே வருது. மூணாம் நாள்தான் அவளுக்கு வலி ஜாஸ்தி. வெந்தயம் கொஞ்சம் எடுத்துக்க."

அமுதினி பெரியவளானது ஜூலையில். சடங்கு வைக்கவில்லை, சொந்தத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இந்நேரம் அவர் வீட்டிலும் ஒருத்தி பெரியவளாகி இருப்பாள்.

"உங்களுக்கு யார்க்கா சொன்னா?"

"தெரியும்" என்றார்.

நான் கணக்கு டீச்சர். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் மாடியில் ஒருத்தி அமுதினியோடு பேசுகிறாள், அங்கே தஞ்சாவூரில் அந்த ஒருத்தியின் அம்மாவுக்கு எங்கள் வீட்டுச் சங்கதியெல்லாம் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

அக்கா வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. திருச்சியில் ஜவுளி எடுக்க வந்தாராம்.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து மூன்று வருடமாகிறது. அக்கா ஒருமுறைகூட வந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், கூடத்தைக் கடந்து இடது பக்க அறைக்கு நேராக நடந்தார். அமுதினியின் அறை அதுதான். யாரும் வழி காட்டவில்லை.

"இந்த வேப்ப மரந்தானா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அமுதினி டியூஷனுக்குப் போயிருந்தாள். அக்கா அவளுக்கு ஒரு சுடிதார் எடுத்து வந்திருந்தார். இளம் பச்சை, கழுத்தில் மெல்லிய கண்ணாடி வேலை. பிரித்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"சைஸ் எப்படிக்கா தெரிஞ்சது?"

"ஆதிரைக்கு இந்நேரம் இந்த அளவுதானே இருக்கும்" என்றார். அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

காபி போட்டுக் கொடுத்தேன். பாலாடை படிந்த பிறகுதான் குடித்தார். அமுதினி திரும்பி வரும் நேரம் நெருங்க நெருங்க என்னால் உட்கார முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் அக்கா, சனிக்கிழமை கூட்டம் ஏறிவிடும் என்று இரண்டு முறை சொன்னேன். அக்கா எழுந்துகொண்டார். தெருமுனையில் அமுதினியின் சைக்கிள் திரும்பியபோது ஆட்டோ கிளம்பிவிட்டிருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இவர் வண்டி பேசிவிட்டார். "ஆறு பேருக்கு ஏத்த வண்டி போதும்னேன். அண்ணி, ஏழு பேர் வண்டியா எடுங்கன்னாங்க" என்றார்.

"ஏழாவது யாரு?"

"யாரும் இல்ல சுகந்தி. காலை நீட்டி உக்காரத்தான்."

செப்டம்பர் 24, புதன்

செழியனுக்கு மூக்கு ஒழுகுகிறது. இரண்டு மூன்று முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சாயங்காலம் தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல் இல்லை. இருந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்திருக்கலாம்.

அமுதினியிடம் இதுவரை கங்கைகொண்ட சோழபுரம் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். வண்டியில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இன்று சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தபடி, "தரங்கம்பாடிதானேம்மா போறோம்" என்றாள்.

"யார் சொன்னா?"

"தெரியும்."

அக்கா சொன்ன அதே சொல், அதே குரல். ரசத்தை அவள் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பை கட்டியாயிற்று. புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம் தனி டப்பாவில். மாற்றுத் துணி ஆளுக்கு இரண்டு. கடலில் நனைவதற்கென்று தனியாக எதுவும் எடுக்கவில்லை. நனையப் போவதில்லை.

பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் அறையில் படுக்கவைத்துக்கொள்கிறேன் என்று அக்கா சொன்னாராம். அமுதினிக்கு நான் பக்கத்தில் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று இவரைச் சொல்லச் சொன்னேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்று வருடமாகத் தனி அறையில் படுக்கிற பெண் அவள்.

செப்டம்பர் 27, சனி. தரங்கம்பாடி

தஞ்சாவூரில் அக்காவையும் அத்தானையும் ஏற்றிக்கொண்டோம். அமுதினி பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன், காரணம் கிடைக்கவில்லை. அக்கா வண்டியில் ஏறியதும் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கடைசி இருக்கைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அமுதினி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழி நெடுக இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊர் மாறவில்லை. அதே வெள்ளை நுழைவாயில், அதே நேரான வீதி, ஓட்டுக் கூரைப் பங்களாக்கள். டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை வெயிலில் பழுப்பாகக் கிடந்தது. செழியன் பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து சுட்டுக்கொண்டே இருந்தான். அருங்காட்சியகத்தில் பீங்கான் தட்டுகள், பழைய காசுகள், ஒரு திமிங்கல எலும்பு. அமுதினி ஒவ்வொன்றின் கீழே எழுதியிருந்ததையும் முழுக்கப் படித்தாள். கடல் பக்கம் திறந்த ஒவ்வொரு ஜன்னலிலும் என் கை அவள் தோளுக்குப் போயிற்று.

அத்தான் கோட்டைக்குள் வரவில்லை. வாசலில் டீக்கடை பெஞ்சில் கடலுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அரைகுறையாகக் கடல் தின்ற சிவன் கோயிலைப் பார்க்கலாம் என்று இவர் கூப்பிட்டதற்கு, "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றார்.

அக்கா எல்லா இடத்துக்கும் வந்தார். செழியனுக்குத் தொப்பி மாட்டிவிட்டார், ஐஸ் வாங்கிக் கொடுத்தார். ஒரு இடத்தில் மட்டும், மணலுக்கு இறங்குகிற படியில், நின்று அமுதினியைப் பார்த்தார். அமுதினி லேசாகத் தலையை ஆட்டினாள். நான் நடுவில் புகுந்து, வெயில் ஏறிவிட்டது, சாப்பிடப் போகலாம் என்றேன்.

அறைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் நானே போட்டுவிட்டேன். கடல் சத்தம் இங்கே வரை வருகிறது. அமுதினி அதைக் கேட்டுக்கொண்டு கண் திறந்து படுத்திருக்கிறாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு. வீடு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெளுக்கத் தொடங்கியபோது விழித்தேன். கட்டிலில் செழியனும் இவரும்தான் இருந்தார்கள். இரண்டு தாழ்ப்பாளும் திறந்திருந்தன. அடுத்த அறைக் கதவைத் தட்டினேன். அத்தான் வந்து திறந்து, திரும்பி உள்ளே பார்த்தார். "வளரு இல்லையே. பாத்ரூம்ல இருக்கான்னு நெனச்சேன்."

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. கோட்டைச் சுவரைத் தாண்டியதும் கடல். முழங்கால் அளவுத் தண்ணீரில் இரண்டு பேர், எனக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றார்கள். அக்காவின் கை அமுதினியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

சேலையோடு இறங்கி அவளுடைய மறு கையைப் பிடித்து இழுத்தேன்.

"என் பிள்ளைய விட்ருங்கக்கா. அவ என்ன செஞ்சா? இவளையும் கொண்டு போனாத்தான் உங்களுக்கு ஆறுமா?"

சொல்லிவிட்டேன். திரும்ப எடுக்க முடியாது.

அக்கா உடனே கையை விட்டுவிட்டார். அலை வந்து போயிற்று. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அமுதினிதான் பேசினாள். "அம்மா, பெரியம்மா என்னைக் கூட்டிட்டு வரல. நான்தான் அவங்களைக் கூட்டிட்டு வந்தேன். இந்த ஊருக்கே நான்தான் கூப்பிட்டேன்."

"நீ எப்ப அவங்ககிட்டப் பேசின?"

"வாரா வாரம் பேசுறேன். அப்பாவோட பழைய போன்ல. மாடியில."

போன வருடம் ஆதிரையின் பிறந்த நாளன்று அவளாகத்தான் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டாளாம். அன்றிலிருந்து. பல் விழுந்தது, என் இருமல், அவள் வயிற்று வலி, வேப்ப மரம் எல்லாம் அந்தப் போன் வழியாகப் போயிருக்கின்றன. எனக்குத் தெரியக் கூடாதென்று ஒளித்தாளாம். படியில் உட்கார்ந்திருந்த செழியனுக்கு அடிக்கடி கேட்டது ஒரு பெயர்தான். அவன் அந்தப் பெயரோடு பேசுவதாக நினைத்துக்கொண்டான்.

மூவரும் மணலில் ஏறி உட்கார்ந்தோம். அமுதினி கால்விரலால் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"நான் பாக்கலைம்மா."

"எதை?"

"எதையுமே. பாத்த பிள்ளை, பாத்த பிள்ளைன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்ச. நான் பாக்கவே இல்ல."

பொங்கலுக்கு இரண்டு பேருக்கும் புதுச் செருப்பு எடுத்திருந்தோம். கரையில் ஒரு நாய்க்குட்டி அதைக் கவ்விக்கொண்டு கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறது.

"ஆதிரை சொன்னா, நீ செருப்பப் பாத்துக்க, நான் கால் நனைச்சுட்டு வந்துடறேன், அப்புறம் நீ போ, நான் பாத்துக்கறேன்னா. நாய் அந்தப் பக்கம் நின்னுச்சு. அதனால கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்தேன். என் முறை வரும்னு உக்காந்திருந்தேன்மா. திரும்பிப் பாத்தப்ப ஆளக் காணோம். ஒளிஞ்சு விளையாடுறான்னு நெனச்சேன்."

பிறகு சொன்னாள்: "பாத்திருந்தா ஒரே மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். பாக்காததால தினம் ஒரு மாதிரி தெரியுது."

அக்கா கடலைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. அம்மான்னு கூப்பிட்டாளான்னு" என்றார்.

"கூப்பிடல பெரியம்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன். கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்." இதை அவள் முன்பும் பலமுறை சொல்லியிருக்க வேண்டும். மருந்து கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"இதை ஏன் என்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. ரெண்டு தடவை. அதெல்லாம் மறந்துடணும் கண்ணுன்னு பால் ஆத்திக் கொண்டாந்து குடுத்த."

அவள் சொன்னது எனக்கு நினைவில் இல்லை. பால் கொடுத்தது நினைவிருக்கிறது.

"இப்ப எதுக்குடா தண்ணியில இறங்கின?"

"நான் இந்தக் கடலப் பாத்ததே இல்லம்மா. அன்னைக்கும் முதுகத்தான் காட்டினேன். அதுக்கப்புறமும் அப்படித்தான். அவ நின்ன இடத்துல நின்னு ஒரு தடவை பாத்துடணும்னு நெனச்சேன். தனியா பயமா இருந்துச்சு."

சூரியன் வந்துவிட்டது. படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அமுதினி எழுந்து, எங்களைக் கேட்காமல், பாதம் நனைகிற இடம் வரை தனியாக நடந்தாள். நான் எழப்போனேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் அங்கே நிறைய நேரம் நின்றாள். நான் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

விடுதிக்கு நடந்து வரும்போது அக்கா எங்களுக்கு முன்னால், தனியாக நடந்தார். சேலை முழங்கால்வரை ஈரம். பின்னால் வந்த நான் என்ன சொல்வது என்று தெரியாமலே வந்தேன். இட்லி சாப்பிடும்போது செழியனுக்குச் சட்னி ஊற்றினார். என் தட்டுக்கும் ஊற்றினார். பேசவில்லை.

திரும்பும் வழியில் மயிலாடுதுறை தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். ஆண்கள் பிள்ளைகளோடு இறங்கிப் போனார்கள். வண்டியில் நானும் அக்காவும்தான்.

"மன்னிச்சுடுங்கக்கா. அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீ நெனச்சது தப்பில்ல" என்றார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "மொத வருஷம் எனக்கே அப்படித் தோணும். அது எப்படி நடமாடுது, இது எங்க போச்சுன்னு. அமுதி குரலு போன்ல பின்னாடி கேட்டாலே உடம்பு எரியும். கையில கெடைச்சா என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது. அப்ப நீ அவளை எங்கிட்ட விடாம வச்சிருந்தியே, அது நல்லதுக்குத்தான்."

நான் இத்தனை காலம் பயந்த ஒன்று உண்மையாகவே இருந்திருக்கிறது. என்னருகில் உட்கார்ந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

"இப்பக்கா?"

"இப்ப வாரம் பூரா அவ போனுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். அதையும் நிறுத்திடாத சுகந்தி."

இவர் டீ எடுத்துக்கொண்டு வந்தார். சர்க்கரை தூக்கல். இருவரும் குடித்துவிட்டோம்.

செப்டம்பர் 29, திங்கள்

இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பழைய போனுக்கு ரீசார்ஜ் செய்தது இவர்தான்.

"என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"உன்கிட்டச் சொன்னா அன்னைக்கே நிறுத்தியிருப்ப" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பகல் முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் பேசவில்லை.

மணல் ஒட்டிய துணிகளை மூன்று தண்ணீரில் அலசினேன். பச்சைச் சுடிதாரைக் கையால் துவைத்துத் தனியாக உலர்த்தினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்தோம். திருத்தாத தாள் கட்டையும் கொண்டுவந்து பூஜையில் வைக்கலாமா என்று இவர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அமுதினியை உட்கார வைத்து, "அன்னைக்கு நடந்ததை எனக்கும் ஒரு தடவை முழுசா சொல்லு, காலையிலேருந்து. நான் குறுக்கே பேச மாட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இரக்கமாகத்தான் பார்த்தாள். "எல்லாத்தையும் பெரியம்மாகிட்டச் சொல்லி முடிச்சுட்டேன்மா. இன்னொரு தடவை சொல்ல முடியல" என்றாள்.

சரி என்றேன். அடுப்பில் சுண்டல் இருந்தது, போய்ப் பார்த்தேன்.

இன்னமும் அவள் சுவர் ஓரம்தான் படுக்கிறாள். ஷவரைத் திறக்கவில்லை. ஒரு நாள் கடலைப் பார்த்ததில் எல்லாம் போய்விடும் என்று நினைத்தது நான்தான். அவளோ அக்காவோ அப்படிச் சொல்லவே இல்லை.

அக்டோபர் 4, சனி

சாயங்காலம் கூடத்தில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அமுதினி போனோடு மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பெரியம்மா, அம்மாவும் இங்க இருக்காங்க."

"இருக்கட்டும்" என்றார் அக்கா.

அவர்கள் எப்போதும் பேசுகிற மாதிரியே பேசினார்கள். பள்ளிக்கூடம், மழை, தஞ்சாவூர் வீட்டு மாடியில் குரங்கு. எனக்கு இதில் என்ன வேலை என்று சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என்ன சமையல் என்று கேட்டார். கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்பு என்றாள் இவள்.

"ஆதிரை கத்தரிக்காயக் கண்டாலே ஓடுவா" என்றார் அக்கா. "ஒரு தடவைகூடத் தொட்டதில்ல."

"இல்லக்கா" என்றேன். என்னை அறியாமல்தான் வந்தது. "எங்க வீட்டுல சாப்பிடுவா."

அமுதினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

லீவுக்கு எங்கள் வீட்டில் வந்து இருந்தபோதெல்லாம் ஆதிரைக்கு நான்தான் ஊட்டுவேன். அமுதினி தானே பிசைந்து தின்பாள், ஆதிரைக்கு ஊட்டிவிட வேண்டும். கத்தரிக்காயை நசுக்கி நெய்ச் சோற்றில் மறைத்து உருட்டினால் தெரியாமல் வாங்கிக்கொள்வாள். மூன்றாவது உருண்டையில் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்த பிறகும் துப்ப மாட்டாள், "சித்தி, இது மட்டும் அம்மாகிட்டச் சொல்லாதீங்க, அப்புறம் அங்கயும் வைப்பாங்க" என்பாள். அதனால்தான் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. நான் தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து அமுதினியைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதே இது" என்றார் அக்கா. "இன்னும் இருக்கா சுகந்தி? இன்னும் சொல்லு."